மலிவு ஸ்டெப்பர் டிரைவர்கள்: வீட்டு சிஎன்சி மில்லுக்கு எது தாங்கும்?

ஸ்டெப்பர் மோட்டார் சிறு சிறு ஸ்டெப்பாகச் சுற்றும்; அதற்கு மின்னோட்டம் கொடுத்து ஓட்டும் போர்டுதான் டிரைவர். அதை வாங்கப் போகும் பலர் முதலில் பார்ப்பது ஆம்பியர் எண்ணை. மோட்டார் 3 ஆம்பியர், டிரைவர் 3.5 ஆம்பியர், கணக்கு சரி என்று வாங்கிவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வோல்டேஜை. மோட்டார் அசையாமல் நிற்கும்போது எல்லா டிரைவரும் நல்ல டிரைவர்தான். வேகம் ஏறும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

வீட்டு மில்களில் (கணினிக் கட்டளைப்படி வெட்டும் இயந்திரங்களில்) சாதாரணமாகக் காணும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம்: 3 ஆம்பியர், 3 மில்லிஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைக் காயில் எதிர்க்கும் குணம்) உள்ள நெமா 23 அளவு மோட்டார், சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் பால் ஸ்க்ரூ. ரேப்பிட் நகர்வு, அதாவது வெட்டாமல் வேகமாக இடம் மாறுவது, நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் மோட்டார் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்ற வேண்டும். 200 ஸ்டெப் மோட்டாரில் ஒரு சுற்றுக்கு 50 மின்சுழற்சி. ஆக, காயிலில் பாய்வது 500 ஹெர்ட்ஸ் மின்னோட்டம். அந்த வேகத்தில் காயிலின் இண்டக்டன்ஸ் மட்டுமே சுமார் 9.4 ஓம் தடையாக நிற்கும். அதை மீறி 3 ஆம்பியரைத் தள்ள 28 வோல்ட் வேண்டும். சுற்றும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் வோல்டேஜ் இதற்கு மேல். 24 வோல்ட் சப்ளை வைத்திருப்பவருக்கு டிரைவரில் அச்சிட்ட ஆம்பியர் அங்கே கிடைக்கவே கிடைக்காது. டார்க் (சுழற்றும் விசை) விழும், ஸ்டெப் தவறும். டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் கன்ட்ரோலருக்கு அது தெரியாது. அடுத்த வெட்டு தப்பான இடத்தில் இறங்கும்; அலுமினியத்தில் என்றால் வெட்டும் கருவியான எண்ட் மில் உடையும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் பாதிப் போட்டி உடனே முடிந்துவிடுகிறது. விரல்நுனி அளவு போர்டில் வரும் ஏ4988 சிப்பின் உச்ச வரம்பு 35 வோல்ட், 2 ஆம்பியர். ஹீட் சிங்க், விசிறி இல்லாமல் நடைமுறையில் 1 ஆம்பியர்தான். டிஆர்வி8825 கொஞ்சம் தேவலை: 45 வோல்ட் வரை தாங்கும், குளிர்ச்சி இல்லாமல் 1.5 ஆம்பியர். நெமா 17 மோட்டார் வைத்து மரமும் பிளாஸ்டிக்கும் செதுக்கும் சின்ன இயந்திரத்துக்கு இவை போதும். ஆனால் ஏ4988 போர்டுகளில் மின்னோட்டத்தை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டர் ஒரே மாதிரி இருப்பதில்லை. 0.1 ஓம் இருந்தால் 0.8 வோல்ட் விரெஃப் (பொட்டென்ஷியோமீட்டரால் செட் செய்யும் வோல்டேஜ்) 1 ஆம்பியர் தரும், அதே 0.8 வோல்ட், 0.068 ஓம் போர்டில் ஏறக்குறைய 1.5 ஆம்பியர். ரெசிஸ்டரைப் பார்க்காமல் பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்பாதீர்கள்.

டிஎம்சி2209 சத்தமில்லாமல் ஓடும். 3டி பிரிண்டருக்கு அது அருமை. மில்லுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: 29 வோல்ட்டோடு அதன் எல்லை முடிகிறது. மில்லில் போட்டே ஆக வேண்டுமென்றால் சத்தமில்லாத ஸ்டெல்த்சாப் முறையை விட்டு, அதன் இன்னொரு முறையான ஸ்ப்ரெட்சைக்கிளில் ஓட்டுங்கள். திடீர் சுமைக்கு அதுதான் ஈடுகொடுக்கும்.

டிபி6560 பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மூன்று அச்சுக்கும் சேர்த்து ஒரே நீல போர்டாக, பேரலல் போர்ட்டோடு ஒரு காலத்தில் எங்கும் கிடைத்தது. 40 வோல்ட் அதன் உச்ச வரம்பு. 5 வோல்ட் லாஜிக் சப்ளை வந்த பிறகே மோட்டார் சப்ளை வர வேண்டும், வரிசை மாறினால் சிப் போய்விடலாம். இன்று புதிதாக வாங்க ஒரு காரணமும் இல்லை.

உண்மையான போட்டி டிபி6600-க்கும் டிஎம்542-க்கும் இடையில்தான்.

டிபி6600 என்று விற்கும் கறுப்புப் பெட்டிகள் பலவற்றுக்குள் அந்த சிப் இருப்பதில்லை. பெட்டி மேலுள்ள மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எத்தனை பங்காகப் பிரிப்பது என்ற) அட்டவணையைப் பாருங்கள். 1/32 என்று இருந்தால் உள்ளே இருப்பது டிபி6600எச்ஜி அல்ல, ஏனென்றால் அது 1/16-ஓடு நின்றுவிடும். பெரும்பாலும் இருப்பது தோஷிபாவின் இன்னொரு சிப்பான டிபி67எஸ்109. அது மோசமான சிப் அல்ல. 36 வோல்ட் சப்ளை, நல்ல காற்றோட்டம், 2.5 ஆம்பியர் செட்டிங் என்று வைத்தால் ஒழுங்காகவே உழைக்கும். அதன் குறை வேறு இடத்தில்: சில வேகங்களில் மோட்டார் தானாக அதிர்ந்து டார்க்கை இழக்கும்போது, அதை அடக்க அதனிடம் வழி ஏதும் இல்லை.

டிஎம்542-இல் அந்த வழி இருக்கிறது. உள்ளே உள்ள டிஜிட்டல் பிராசஸர் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு ஓட்டி, அதிர்வைத் தணிக்கிறது. 20 முதல் 50 வோல்ட், 4.2 ஆம்பியர் பீக் (அலையின் உச்சம்), அதாவது 3 ஆம்பியர் ஆர்எம்எஸ் (அதே அலையின் பயனுறு அளவு). 50 வோல்ட் எழுதியிருக்கிறதே என்று 48 வோல்ட் சப்ளை மாட்டாதீர்கள். மோட்டார் வேகம் குறையும்போது திருப்பி அனுப்பும் வோல்டேஜுக்கும் இடம் வேண்டும். 36 வோல்ட்தான் என் தேர்வு. விலை டிபி6600-ஐவிட நன்றாகவே கூடுதல். நெமா 23 மில்லில் அந்தக் கூடுதல் பணத்துக்கு முழுப் பலன் உண்டு. மூன்று அச்சுக்கும் பணம் போதாது என்றால் மேலும் கீழும் நகரும் இசட் அச்சுக்கு மட்டுமாவது டிஎம்542 போடுங்கள். கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் எடையைத் தூக்குவது அந்த அச்சுதான்; அங்கே தவறும் ஸ்டெப்தான் கருவியை வேலைப்பொருளுக்குள் குத்தும்.

மைக்ரோஸ்டெப்பில் மயங்க வேண்டாம். 1/8 வைத்தால் நம் ஸ்க்ரூவில் மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ் (ஒரு மைக்ரோஸ்டெப்புக்கு ஒன்று). 1/32 என்றால் 1280. ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் நொடிக்குச் சுமார் 30,000 பல்ஸ்தான் தரும். 1/32-இல் அது நிமிடத்துக்கு 1400 மில்லிமீட்டரிலேயே முட்டி நின்றுவிடும். துல்லியமும் அந்த அளவுக்கு ஏறாது, ஏனென்றால் உராய்வை வெல்லும் டார்க் ஒவ்வொரு சிறு ஸ்டெப்பிலும் இருக்காது.

எந்த டிரைவரை மாட்டினாலும், பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றக் கூடாது. டிரைவர் அந்த நொடியே எரியலாம். மாட்டிய பின் மேசையில் டயல் கேஜ் (சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் அளவி) வைத்துப் பூஜ்யம் செட் செய்து, முழு ரேப்பிட் வேகத்தில் நூறு முறை முன்னும் பின்னும் ஓடவிடுங்கள். முள் பூஜ்யத்துக்குத் திரும்பாவிட்டால் முதலில் ஆக்ஸிலரேஷனைக் குறையுங்கள், பிறகு வேகத்தை. அப்போதும் திரும்பாவிட்டால் சப்ளை வோல்டேஜைப் பாருங்கள்.