ஏணியா, தனிவழியா, எழுத்தா? மட்டக்களப்பிலிருந்து அனிமேஷன் இயக்குநராவது

அனிமேஷன் படம் எழுதி இயக்குகிறவர்கள் அந்த இடத்துக்கு வந்த கதைகளைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று வழிதான். ஸ்டூடியோவில் கீழ்ப்படியில் சேர்ந்து ஏறுவது, வீட்டிலிருந்தே தனியாக ஒரு படத்தை முடித்துக் காட்டுவது, வரையாமல் எழுத்தை வைத்து உள்ளே போவது. மட்டக்களப்புப் பிள்ளைக்கு எது சரிவரும்?

ஏணி வழிக்கு உதாரணம் ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி. 1963இல் தோயி என்ற அனிமேஷன் நிறுவனத்தில் இடைப்படங்கள், அதாவது ஓர் அசைவின் முக்கிய படங்களுக்கு நடுவே வரும் படங்கள், வரைகிறவராகச் சேர்ந்தார். இயக்கிய முதல் முழுநீளப் படம் வந்தது 1979இல். 16 வருசம்! சம்பளத்தோடு படிக்கலாம் என்பது இதன் பலம். ஆனால் நமக்கு அந்த ஏணி கொழும்பில் அல்லது சென்னையில். அறை வாடகை, சாப்பாடு, கொழும்பென்றால் ஓரளவு சிங்களமும் வேண்டும்.

எழுத்து வழி கேட்க லேசாக இருக்கும். இசாவோ தகாஹாதா பிரெஞ்சு இலக்கியம் படித்தவர், அனிமேட்டராக இருந்ததே இல்லை. 1959இல் அதே தோயியில் சேர்ந்து 1968இல் முதல் முழுநீளப் படத்தை இயக்கினார். ஜெனிபர் லீ டிஸ்னிக்குத் திரைக்கதை எழுத வந்தவர்; 2013இல் ‘ஃப்ரோசன்’ படத்தை எழுதி, இணைந்து இயக்கவும் செய்தார். சரி, இருவருக்கும் பக்கத்தில் வரைகிற பெரிய கூட்டம் இருந்தது. இங்கே மட்டக்களப்பில், கல்லடியில் திரைக்கதையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போவது? இதை நான் வழியாகவே கணக்கெடுக்கமாட்டேன். மற்ற இரண்டுக்கும் வேண்டிய கைச்சரக்கு, அவ்வளவுதான்.

மிச்சம் தனிவழி. மகோதோ ஷின்காய் கேம் கம்பனியில் வேலை பார்த்தவர். ஏறக்குறைய 25 நிமிடப் படமொன்றைத் தன் மேக் கணினியில் பெரும்பாலும் தானே செய்து 2002இல் வெளியிட்டார். லாட்வியாக்காரர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் 2019இல் முழுநீளப் படத்தையே தனியாக முடித்தார். அடுத்த படமான ‘ஃப்ளோ’வுக்குக் குழு சேர்ந்தது. இலவச மென்பொருளான பிளெண்டரில் செய்த அந்தப் படம் 2025இல் ஒஸ்கார் வாங்கியது. அதில் ஒரு வசனமும் இல்லை. நடிகர் குரலுக்குக் காசு தேடவும் வேண்டாம், மொழியும் குறுக்கே நிற்காது. நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய யோசனை.

நான் தனிவழியைத்தான் சொல்வேன், அதுவும் ஒரே ஒரு நிமிடப் படமாக. செக்கனுக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படம் என்றால் நிமிடத்துக்கு 1440. ஒரு பிரேம் ரெண்டராக, அதாவது கணினி அதை முழுப்படமாக்கித் தர, 5 நிமிடம் எடுத்தால் மொத்தம் 120 மணித்தியாலம். ஐந்து நாள் லேப்டொப்புக்கு ஓய்வில்லை. மாரியில் கரண்ட் வேறு போகும். அதனால் வீடியோவாக எடுக்காமல் ஒவ்வொரு பிரேமையும் தனிப் படக்கோப்பாக எடுங்கள். கரண்ட் போனாலும் ஓடிக்கொண்டிருந்த பிரேம்தான் போகும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அதற்கு முன் அனிமேட்டிக், அதாவது கோட்டுப்படங்களை நேரக்கணக்கோடு அடுக்கி ஓட்டிப் பார்ப்பது. கூத்தில் அரங்கேற்றத்துக்கு முன் அண்ணாவியார் அடுக்குப் பார்ப்பதைப் போலத்தான், பிழையெல்லாம் அங்கேயே பிடிபட வேண்டும். கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் வாய்திறந்து விளக்க வேண்டி வந்தால் திரைக்கதை இன்னும் முடியவில்லை.

தனிவழியில் வருமானம் இல்லை, பிழை சொல்லவும் ஆளில்லை. முதலாவதைக் கல்யாண வீடியோ எடிட்டிங் கொஞ்சம் சமாளிக்கும். இரண்டாவதற்குக் கல்லடி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியமோ நாடகமோ படிக்கிற ஒருவரைக் கூட்டாளியாகப் பிடியுங்கள். உடம்பு அசைவதைப் பார்க்கப் பழகிய கண் அவர்களுடையது.

அப்புறம் அந்த ஒரு நிமிடத்தோடு கொழும்பு ஏணிக்குப் போகலாம். இந்தத் தொழிலில் சான்றிதழைவிட ஷோரீலுக்கு, அதாவது செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் சின்ன வீடியோவுக்குத்தான் மதிப்பு. நல்ல துண்டை முதல் பத்துச் செக்கனிலேயே போட்டுவிடுங்கள், கடைசிவரை பார்ப்பார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம்.