ஸோடேரோவா, மெண்டலியா, எண்ட்நோட்டா: மூன்று துறைகள், ஒரு துணைநூற்பட்டியல்

மன்னார் வளைகுடாவில் கப்பாஃபைகஸ் கடற்பாசி வளர்ப்பைப் பற்றி மூன்று துறையினர் சேர்ந்து எழுதிய கட்டுரையில், எங்களை மிகவும் வாட்டியது அதன் துணைநூற்பட்டியல்தான். பாசியின் உயிரியலை எழுதிய நண்பர் எண்ட்நோட்டிலும், அதை வளர்க்கும் மகளிர் குழுக்களின் தொழில் மாதிரியை எழுதிய மேலாண்மைத் துறைத் தோழி மெண்டலியிலும், சூழல் தாக்கத்தை எழுதிய நான் ஸோடேரோவிலும் மேற்கோள்களைச் சேர்த்து வைத்திருந்தோம்; மூன்றும் மேற்கோள்களைச் சேமித்துப் பட்டியலாக்கித் தரும் மென்பொருள்கள். எங்கள் மூன்று தொகுப்புகளையும் ஒன்றாக்கியபோது, குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மீது அந்தப் பாசி படர்ந்ததைப் பதிவு செய்து 2008இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஒரே கட்டுரை, பட்டியலில் மூன்று முறை, மூன்று விதமான ஆசிரியர் பெயர்களோடு வந்து நின்றது. எண்ட்நோட்டை ஏறத்தாழ ஓராண்டும் மெண்டலியை நான்கு ஆண்டுகளும் பயன்படுத்திய பிறகு ஸோடேரோவுக்கு வந்தவன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடிப்படை வேலையில் மூன்றுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. இணையப் பக்கத்திலிருந்து கட்டுரையின் விவரங்களை எடுத்துக்கொள்வது, பிடிஎஃப் கோப்பைச் சேமிப்பது, வேர்டில் மேற்கோளை இட்டுப் பட்டியலைத் தானாக அமைப்பது ஆகிய எல்லாவற்றையும் மூன்றும் செய்கின்றன. மேலாண்மை இதழ்கள் பெரும்பாலும் கேட்கும் ஏபிஏ என்ற மேற்கோள் நடையிலிருந்து மருத்துவ, உயிரியல் இதழ்கள் கேட்கும் வான்கூவர் எண்முறைக்கு மாறுவதற்குச் சில நொடிகள் போதும். ஸோடேரோவும் மெண்டலியும் இலவசம். எண்ட்நோட்டின் முழு விலை இருநூறு டாலரைத் தாண்டும்.

நான் முடிவெடுத்தது வேறொரு கேள்வியை வைத்து. சேர்த்து வைத்ததை வேண்டிய நாளில் முழுமையாக வெளியே எடுத்துச் செல்ல முடியுமா என்பதே அது. ஓர் ஆய்வாளரின் மேற்கோள் கிடங்கு பத்து, பதினைந்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பதிவுகளாக வளர்கிறது. ஓரக் குறிப்புகள், அடிக்கோடுகள், உட்பிரிவுகள் என்று உழைப்பு அதில்தான் படிகிறது. மென்பொருளோ நிறுவனத்துக்கு நிறுவனம் கைமாறுகிறது. 2008இல் வெளிவந்த மெண்டலியை 2013இல் எல்செவியர் வாங்கியது. 2018இல் வந்த 1.19ஆம் பதிப்பிலிருந்து, பயனரின் கணினியிலேயே இருக்கும் தரவுத்தளம் மறையாக்கம் செய்யப்பட்டதால், அதுவரை நேரடியாகத் திறந்து படிக்க முடிந்த கோப்பைப் பிற மென்பொருள்களால் படிக்க முடியாமல் போயிற்று. 2021இல் கைபேசிச் செயலிகள் நிறுத்தப்பட்டன. 2022 செப்டம்பரில் பழைய டெஸ்க்டாப் மென்பொருளைப் புதிதாகப் பதிவிறக்கும் வசதியும் முடிவுக்கு வந்து, மேகக் கணக்கை நம்பி இயங்கும் புதிய மென்பொருள் அதன் இடத்தைப் பிடித்தது. இவை ஒவ்வொன்றுக்கும் நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருக்கலாம். என் கிடங்கின் சாவி என் கையில் இல்லை என்பது மட்டும் எனக்கு அப்போது உறைத்தது.

எண்ட்நோட்டில் சிக்கல் வேறு வகையானது. நான் முன்பு பணியாற்றிய பல்கலைக்கழகம் ஒன்று தன் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, மாத இறுதிக்குள் மென்பொருளை நீக்கிவிடுமாறு ஒரு வரி மின்னஞ்சலை அனுப்பியது. அவசரத்தில், பதிவுகள் இருக்கும் இஎன்எல் கோப்பை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு, அதனுடன் இணைந்திருக்கும் ‘டேட்டா’ கோப்புறையை விட்டுவிட்டேன். தலைப்புகளெல்லாம் வந்தன, பிடிஎஃப் ஒன்றுகூட வரவில்லை. தவறு என்னுடையதுதான் என்றாலும், உரிமம் நம்முடையதாக இல்லாத கருவியில் இப்படிப்பட்ட அவசரம் என்றாவது ஒருநாள் வந்தே தீரும்.

ஸோடேரோ 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது; இன்று இலாப நோக்கற்ற அமைப்பொன்றால் நடத்தப்படும் திறமூல மென்பொருள். அதன் தரவுத்தளம், பிற மென்பொருள்களாலும் படிக்க முடிகிற எஸ்கியூலைட் வடிவில் நம் கணினியில் திறந்தே இருக்கிறது. பிடிஎஃப்கள் அதன் அருகிலேயே ‘ஸ்டோரேஜ்’ கோப்புறையில் கிடக்கின்றன. திட்டம் நாளையே நின்றுபோனாலும் பழைய கோப்பு அப்படியே படிக்கக்கூடியதாக இருக்கும். இந்தத் திறந்த தன்மை ஒருமுறை நீதிமன்றம் வரை சென்றது: எண்ட்நோட்டின் மேற்கோள் நடைக் கோப்புகளை ஸோடேரோ மாற்றிக்கொள்ள வழிசெய்தது உரிம மீறல் என்று, அப்போது எண்ட்நோட்டை வைத்திருந்த தாம்சன் ராய்ட்டர்ஸ் 2008இல் அந்தப் பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தது, 2009இல் வழக்கு தள்ளுபடியானது.

இனி அந்த மூன்று பெயர்க் குழப்பத்துக்கு வருகிறேன். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நமக்கு, முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்லும் எந்த மென்பொருளும் சங்கடம்தான். கடைசியில் நிற்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும்போது, மகன் எழுதிய கட்டுரை தந்தை பெயரில் அகரவரிசை ஏறிவிடுகிறது. ஸோடேரோவில் ஆசிரியர் பெயருக்கு அருகிலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டங்களும் ஒன்றாகி, பெயர் எழுதப்பட்டபடியே நிற்கும்; அரசுத் துறைகள், ஆணையங்கள் போன்ற நிறுவன ஆசிரியர்களுக்கும் அதுவே வழி. எங்கள் பட்டியலில் இருந்த அத்தனை தமிழ்ப் பெயர்களையும் இரண்டு மாலைகளில் இப்படித்தான் சீராக்கினோம். இரட்டைப் பதிவுகளைத் தனியே திரட்டிக் காட்டும் பகுதியில் அந்தக் குருசடைக் கட்டுரையின் மூன்று பிரதிகளும் வரிசையாக வந்தன; எந்தப் பிரதியின் விவரம் சரியானது என்று ஒவ்வொரு கட்டமாகத் தேர்ந்தெடுத்து இணைக்க முடிந்தது.

உயிரியல் துறையினருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஸோடேரோ 2019 முதல் இணைந்திருக்கிறது. நம் கிடங்கில் உள்ள கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் அந்தப் பதிவின்மேல் எச்சரிக்கைப் பட்டை தோன்றும். அறியாமல் அதை மேற்கோள் காட்டப் போனாலும் வேர்டிலேயே தடுத்துக் கேட்கும்.

ஸோடேரோவின் பலவீனம் சேமிப்பிடம். மெண்டலி 2 ஜிபி இலவசமாகத் தருகையில் இது தருவது 300 எம்பி. என் கோப்புகளின் அளவுக்கு அது இருநூறு கட்டுரைகளைக்கூடத் தாங்காது. ஆண்டுக்கு 20 டாலர் கொடுத்தால் 2 ஜிபி, 60 டாலருக்கு 6 ஜிபி. கூட்டுக் கிடங்கில் சேரும் கோப்புகள் அனைத்தும் அதைத் தொடங்கியவரின் கணக்கிலேயே எழுதப்படும் என்பதால், குழுவில் யார் தொடங்குவது என்பதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. எங்கள் குழுவில் அந்தச் செலவு என் தலையில் விழுந்தது. பணத்தை மிச்சப்படுத்த நினைத்து முழுத் தரவுக் கோப்புறையையும் வேறொரு மேகச் சேமிப்பில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் திறந்ததில் தரவுத்தளம் பழுதாகி, மென்பொருள் தானாக எடுத்து வைத்திருந்த காப்பு நகல்தான் கைகொடுத்தது. அப்படிச் செய்யக் கூடாது என்று ஸோடேரோவின் உதவிப் பக்கமே எச்சரித்திருந்ததைப் பிறகுதான் படித்தேன்.

எண்ட்நோட்டைப் பற்றி என் அனுபவம் மெல்லியது; அதுவும் சில நூறு பதிவுகளோடு நின்றது. மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டிலிருந்து ஆயிரக்கணக்கான பதிவுகளை இறக்கி, ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி மதிப்பிடும் முறைசார் திறனாய்வு செய்யும் என் நண்பர், அந்த அளவில் வடிகட்டுவதற்கு அதுதான் தனக்கு வசதி என்கிறார். அவருடைய நிறுவனம் உரிமத்தைத் தவறாமல் புதுப்பிக்கிறது. அவரை மாறச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. வேர்டுக்குப் பதிலாக லேட்டெக் என்ற ஆவண அமைப்பு மென்பொருளில் எழுதுபவர்களுக்கு எது உகந்தது என்பதையும் அதை அன்றாடம் கையாள்பவர்களிடமே கேட்க வேண்டும்.

தோழி மெண்டலியிலிருந்து மாறிவிட்டார். ஸோடேரோவின் இறக்குமதி வசதி அவருடைய இணையக் கணக்கிலிருந்து பதிவுகளையும் கோப்புகளையும் கொண்டுவந்து சேர்த்தது. நண்பர் மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் எண்ட்நோட்டிலிருந்து, ஸோடேரோவும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் வடிவில் ஒரு கோப்பை அனுப்புகிறார். அதைக் கூட்டுக் கிடங்கில் ஏற்றிய கையோடு இரட்டைப் பதிவுகளின் பகுதியைத் திறந்து பெயர்களைச் சரிபார்ப்பது என் வேலையாகியிருக்கிறது.