இரண்டு வாளியா, ஸ்பிரே போத்தலா?

யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண் அப்பிய காரை ஹோஸ் இல்லாமல் கழுவ இரண்டு வழி. கார் துடைக்கும் திரவம் உள்ள ஸ்பிரே போத்தல் சுகம். அடித்துத் துடைத்தால் சரி. ஆனால் அது மெல்லிய தூசிக்குத்தான். காய்ந்த மண்ணில் துணியை இழுத்தால் மணல் பெயின்ற்றைக் கீறிவிடும்.

என் வாக்கு வாளிக்கு. முதலில் பூவாளியால் கூரையிலிருந்து ஊற்றி மண்ணை ஊறவிடுங்கள், தேய்க்கவேண்டாம். பிறகு ஒரு வாளியில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்புவில் தோய்க்கலாம். சில்லுகளுக்கு வேறு துணி. இடுப்பு நோகும், அது உண்மை. எங்கள் கிணறுகளில் சுண்ணாம்புத் தண்ணீர் வேறு. வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். பின்னேரம் நிழலில் கழுவி உடனே துடையுங்கள்.

அடுத்த கிழமைத் தூசிக்கு ஸ்பிரே போதும்.