உள்ளூர் ஹைஸ்கூலா, டவுன் கேர்ள்ஸ் ஸ்கூலா, வேன் வரும் மெட்ரிக்கா?

ஓரகத்தியின் மகள் இந்த ஏப்ரலோடு ஐந்தாவது முடிக்கிறாள். "அக்கா, நீங்க துணிஞ்சு ஊர்லயே போட்டுட்டீங்க, எனக்குத்தான் பயமா இருக்கு" என்கிறாள். துணிச்சல் எல்லாம் ஒன்றுமில்லை. 2022 ஜூனில் என் மகளை ஆறாவதில் சேர்க்கும்போது நானும் மூன்று வாரம் தூங்கவில்லை. அவள் இந்த ஜூனில் பத்தாவதுக்குப் போகிறாள். ஓரகத்திக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் உள்ளூர் பள்ளிப் பக்கம் சாய்ந்தவள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மெட்ரிக் பள்ளியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். காலை ஏழே காலுக்கு வேன் வாசலுக்கு வரும், டை கட்டிய பிள்ளையைப் பார்க்க மாமியாருக்குப் பெருமை. வேனோடு சேர்த்து அன்றைக்கு வருடத்துக்கு 32,000 சொன்னார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கிடைக்கும் 25 சதவீத இலவச இடம் எல்.கே.ஜி. அல்லது ஒன்றாவதில் சேருகிறவர்களுக்குத்தான், ஆறாவதுக்குப் போகிறவர்களுக்கு இல்லை. அதைவிட முக்கியம், ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் கல்லூரிச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மைக்கெல்லாம் நீண்டது. கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் மெட்ரிக்கில் படித்தவளுக்குக் கிடையாது. காசு கட்டி இரண்டையும் கைவிடுவது எனக்குப் புரியவில்லை. உள்ளே பாடம் எப்படி நடக்கிறது என்று கேட்டால், என் பிள்ளையை அங்கே போட்டதில்லை, பதில் சொல்ல மாட்டேன்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். இரண்டும் அரசுப் பள்ளி என்பதால் ஒதுக்கீட்டில் வித்தியாசம் கிடையாது. டவுன் கேர்ள்ஸ் ஸ்கூல் 11 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, செலவும் இல்லை. பன்னிரண்டாவது வரை இருக்கிறது, லேப் இருக்கிறது, எல்லாப் பாடத்துக்கும் டீச்சர் இருக்கிறார்கள். ஒரு வகுப்பில் அறுபதுக்கு மேல் பிள்ளைகள். சாயங்காலம் ஐந்தேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு. பதினோரு வயதுப் பெண்ணை அந்த பஸ் ஸ்டாண்டில் நினைத்துப் பார்க்கவே எனக்கு மனசு வரவில்லை.

உள்ளூர் ஹைஸ்கூல் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை. ஆனால் நாங்கள் சேர்த்த அன்று கணக்குக்கு டீச்சர் இல்லை. காம்பவுண்ட் சுவர், கழிவறை, ஸ்மார்ட் போர்டு என்று எதை எதையோ ஒப்பிட்டுப் பார்த்தோம். கடைசியில் பார்க்க வேண்டியது டீச்சர் இருக்கிறாரா என்ற இந்த ஒன்றைத்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

டீச்சர் ஏன் இல்லை? ஒரு காலத்தில் இங்கே 260 பிள்ளைகள், கணக்குக்கே இரண்டு பேர். வருடா வருடம் ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுத்து, அதை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வார்கள். டவுனுக்கும் வேனுக்கும் பிள்ளைகள் கிளம்பக் கிளம்ப, கணக்கில் ஒருவர் உபரி, அறிவியலில் ஒருவர் உபரி என்று பணி நிரவலில் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மிச்சமிருந்த கணக்கு டீச்சரும் இடமாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்ததும் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, தினமும் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தவர். டீச்சர் இல்லை என்று இன்னும் பத்துப் பேர் டி.சி. வாங்கினார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் இறங்கியது. டீச்சர் இல்லாததால் பிள்ளைகள் போனார்களா, பிள்ளைகள் போனதால் டீச்சர் போனாரா என்று டீக்கடையில் இன்னும் வழக்கு ஓடுகிறது.

மகளைச் சேர்த்த வருடம் ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒருவர் எழுந்து, "நம்ம ஊர்ப் பிள்ளைங்களை டவுன் ஸ்கூல்ல சேர்க்கக் கூடாதுன்னு தீர்மானம் போடுங்க, எல்லை வகுத்துடுங்க, தானா இங்க வரும்" என்றார். பாதிப் பேர் கை தட்டினோம், நானும்தான். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது சரியாகப் படவில்லை. எல்லை போட்டால் யாரைத் தடுக்கும்? டவுன் பஸ்ஸில் போகிற கூலிக்காரர் மகளைத்தான். வேனில் போகிற பிள்ளையை எந்தத் தீர்மானமும் தொடாது. அதுவுமில்லாமல் கணக்கு டீச்சர் இல்லாத பள்ளியில் ஒரு பெண்ணைக் கட்டாயமாக உட்காரவைக்க எனக்கு என்ன உரிமை? தீர்மானம் நிறைவேறவில்லை. அதோடு பேச்சு நின்றது.

எங்களுக்குக் கைகொடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. 2022இல் அதைப் புதிதாக அமைத்தார்கள். அப்போது 20 பேரில் 15 பேர் பெற்றோர், நானும் ஒருத்தி. அந்த ஜூலையில் தமிழ்நாடு முழுக்கக் காலியாக இருந்த 13,331 பணியிடங்களை இந்தக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு அனுமதித்தது. பட்டதாரி ஆசிரியருக்கு அப்போது மாதம் 10,000 ரூபாய். எங்கள் தெருவிலேயே எம்.எஸ்ஸி., பி.எட். முடித்துவிட்டு வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி மனுப் போட்டாள். பள்ளிக்கு நடந்து வருகிறவள், மழை என்றாலும் வந்துவிடுவாள். என் மகளுக்குப் பின்னம் புரிந்தது அவளிடம்தான். டவுன் பள்ளியில் இது நடந்திருக்காது. 1,400 பிள்ளைகளின் அம்மாக்களில் நான் ஒருத்தி, தலைமையாசிரியரைப் பார்க்கவே ஒரு நாள் கூலி போய்விடும். இங்கே அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தற்காலிக நியமனம் கல்வியாண்டோடு முடிந்துவிடும். ஜூனில் மறுபடி உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும், ஒரு வருடம் ஆகஸ்ட் வரை கணக்குப் பீரியடில் பிள்ளைகள் சும்மாவே இருந்தார்கள். அவளுக்கு வேறு நல்ல வேலை கிடைத்தால் என்ன செய்வோம் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பத்தாவதோடு இந்தப் பள்ளி முடிந்துவிடும். பதினொன்றுக்கு எப்படியும் அதே டவுன் பஸ்தான். அங்கே ஐந்து வருடமாகப் படிக்கும் பெண்களோடு போட்டி போட என் மகள் திணறுவாளா என்று இன்னும் இரண்டு வருடம் கழித்துக் கேளுங்கள்.

பத்தாவது தேர்ச்சி விகிதத்தை வைத்துப் பள்ளியை எடை போடாதே என்றும் ஓரகத்தியிடம் சொன்னேன். 34 பேர் பரீட்சை எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே 3 சதவீதம் இறங்கிவிடும். அதற்குப் பதில் பள்ளிக்குப் போய் கால அட்டவணையைக் காட்டச் சொல். கணக்கு, அறிவியல் கட்டங்களில் யார் பெயர் இருக்கிறது, அவர் நிரந்தரமா, எத்தனை வருடமாக இருக்கிறார், எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று கேள். அந்தக் கட்டம் காலியாக இருந்து, குழுவில் உட்கார்ந்து அலைய உன்னால் முடியாது என்றால், கூச்சப்படாமல் டவுனுக்கே அனுப்பு. நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

எல்லாம் கேட்டுக்கொண்டாள். கொழுந்தனார் போன வாரமே வேன்காரரிடம் பேசிவிட்டாராம்.