திருப்பூர் - கோவை மெமு: சீட் கிடைக்காததைவிட வாசல்தான் தலைவலி

திருப்பூரில் ஏறி கோவையில் இறங்குகிற சீசன் டிக்கெட் ஆள் நான், பல வருஷமாக. பழைய பாசஞ்சரிலும் போனேன், இப்போது மெமுவில் போகிறேன், அதாவது தனி என்ஜின் இல்லாமல் பெட்டியிலேயே மோட்டார் வைத்த மின்சார ரயிலில். கூட்டம் என்றாலே எல்லாரும் பெட்டியைக் கூட்டச் சொல்கிறார்கள், சரிதான், ஆனால் அதற்கு முன்னால், இப்போது இருக்கிற பெட்டியிலேயே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

மெமு வந்ததில் நல்லது உண்டு, மறுக்க மாட்டேன். பழைய பெட்டியில் ஒரு பக்கத்துக்கு இரண்டே குறுகல் வாசல், அதுவும் இரு கோடியில். மெமுவில் வாசல் அகலம். நாலு பெட்டிக்கு ஒரு மோட்டார் பெட்டி என்று இழுவை பிரிந்திருப்பதால் நின்று கிளம்பினதும் சட்டென்று வேகம் பிடிக்கிறது. வஞ்சிபாளையம், சோமனூர், சூலூர் ரோடு, இருகூர், சிங்காநல்லூர், பீளமேடு என்று வரிசையாக நிற்கிற வண்டிக்கு அது பெரிய விஷயம். இரண்டு முனையிலும் டிரைவர் கேபின் இருப்பதால் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ஜினைக் கழற்றி மாட்டுகிற வேலையும் இல்லை.

ஆனால் காலையில் ஏறிப் பாருங்கள். வாசலில் மூச்சு விட இடமிருக்காது, சீட்டுகளுக்கு நடுவே உள்ள நடையில் நாலு பேர் சாவகாசமாக நிற்பார்கள். உள்ளே போனால் இறங்க முடியாதோ என்ற பயம்தான் காரணம், அதைத் திட்டிப் புண்ணியமில்லை, நடுவே பிடித்துக்கொள்ளவும் சரியான பிடி கிடையாது. அப்புறம் பனியன் பண்டல், கட்டைப் பை எல்லாம் வாசல் ஓரத்திலேயே குடியிருக்கும். டாய்லெட்டும் கதவுப் பக்கம்தான். இருப்பது நல்லது, சென்னை லோக்கலில் அதுகூடக் கிடையாது, ஆனாலும் அந்த ஓரத்தில் யாரும் நிற்க விரும்புவதில்லை, கூட்டம் இன்னும் இறுகுகிறது.

இதில் எங்களைக் காப்பாற்றுவது ஒரே ஒரு பழக்கம். சூலூர் ரோடு தாண்டினதும் பின்னாலிருந்து ஒரு அக்கா, "ஏனுங்ண்ணா, இருகூர் எறங்கறீங்களா?" என்பார். இல்லை என்றால், "அப்ப கொஞ்சம் அக்கட்டால வாங்க, நா முன்னால போயிக்கறேன்" என்று இடம் மாற்றிக்கொள்வார். வண்டி நிற்பதற்குள் இறங்குகிறவர்கள் முன்னாலும் மற்றவர்கள் பின்னாலும் ஆகிவிடுவார்கள். புதுசாக வருகிறவர்கள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போதுதான் முட்டல் மோதல்.

என்னைக் கேட்டால் முதலில் நடை நெடுகத் தொங்கு கைப்பிடி மாட்ட வேண்டும். கதவை ஒட்டிய குறுக்குச் சீட்டுகளை எடுத்துவிட்டு மெட்ரோ மாதிரி சுவரோரமாக நீளச் சீட் போடலாம். நாலு சீட் குறையும், குறையட்டும், அந்த இடத்தில் அதைவிட அதிகம் பேர் நிற்பார்கள். பிளாட்பாரத்தில் கதவு வந்து நிற்கும் இடத்தைப் பெயின்ட் அடித்துக் காட்டினாலே பாதி ஓட்டம் நிற்கும். மெட்ரோவில் பிளாட்பாரமும் பெட்டித் தரையும் ஒரே மட்டம், இங்கே படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர் ஒருவர் ஏறி முடிக்கும்வரை பின்னால் மொத்த வரிசையும் நிற்கிறது. இது மட்டும் கைப்பிடி, பெயின்ட் மாதிரி சுலபத்தில் சரியாகிற வேலை இல்லை.

புதுசாக சீசன் எடுக்கிறவர்களுக்கு ஒன்று: மேம்பாலப் படி முன்னால் நிற்கிற பெட்டியில் ஏறாதீர்கள், இரண்டு பெட்டி தள்ளி நடங்கள். அங்கே சில நாள் சீட்டே கிடைக்கும்.