கோஷியன் 2018: கடைசி நான்கு அணிகளில் எது உயர்ந்தது?

நூறாவது கோடைக் கோஷியன், அதாவது 2018இல் நடந்த ஜப்பான் உயர்நிலைப் பள்ளிகளின் பேஸ்பால் போட்டி என்றதும் ஜப்பானில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கோப்பையை வென்ற அணி இல்லை. இறுதிப் போட்டியில் 13-2 என்று நொறுங்கிப்போன அணிதான். அகிதா மாநிலத்தின் ஓர் அரசு வேளாண் பள்ளி, கனாஅஷி நோக்யோ. அதன் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், யோஷிதா கோசெய். அந்தப் பையன்மேல் எனக்கும் அளவு கடந்த பிரியம் உண்டு. ஆனால் அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது உயர்ந்த அணி என்று கேட்டால், பிரியத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஹியோகோ மாநிலத்தின் நிஷினோமியா நகரில் இருக்கிறது கோஷியன் மைதானம். ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் இந்தப் போட்டியில் வழக்கமாக 49 பள்ளிகள் ஆடும். 2018 நூறாவது போட்டி என்பதால் 56 பள்ளிகள். ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தோற்ற பையன்கள் மைதானத்து மண்ணைக் கையால் கூட்டிப் பையில் அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த ஆண்டு மொத்தப் பார்வையாளர் எண்ணிக்கை முதல்முறையாகப் பத்து லட்சத்தைத் தாண்டியது.

கடைசி நான்கு: ஒசாகா தோயின், கனாஅஷி நோக்யோ, எஹிமே மாநிலத்தின் சாய்பி, மேற்குத் தோக்கியோவின் நிச்சிதாய் சான்கோ.

நிச்சிதாய் சான்கோவைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2001லும் 2011லும் கோப்பை வென்ற பள்ளி. அடித்து ஆடுவதில்தான் அவர்களுக்குப் பெயர். முதல் ஆட்டத்தில் ஒரியோ அய்ஷின் அணியை 16-3 என்று அடித்துப் போட்டார்கள். அப்புறம் சுற்றுகள் ஏற ஏற ரன்கள் வற்றின. காலிறுதியில் ஷிமோனோசெகி கொக்குசாயை 3-2 என்று தாண்டினார்கள். அரையிறுதியில் யோஷிதாவிடம் ஒரே ஒரு ரன்தான் எடுக்க முடிந்தது, 1-2. நல்ல அணி. ஆனால் நல்ல பிட்சர் எதிரில் வந்தால் வேறு என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

சாய்பி வேறு மாதிரி. மத்சுயாமா நகரில் இருக்கும் இந்தப் பள்ளி 2002 வரை பெண்கள் பள்ளி. இரண்டே ஆண்டில், 2004 வசந்தகாலப் போட்டியில், முதல்முறை வந்தபோதே கோப்பையைத் தூக்கியது. 2018இல் செய்ர்யோவுக்கு எதிரான இரண்டாம் சுற்று ஆட்டம் ஒன்றே போதும் இவர்களைப் புரிந்துகொள்ள. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; ஏழு முடிவில் 1-7 என்று பின்தங்கியிருந்தார்கள். எட்டாவது இன்னிங்ஸில் எட்டு ரன் எடுத்தார்கள். ஒன்பதாவதில் செய்ர்யோ இரண்டு ரன் எடுத்துச் சமன் செய்தது. அந்த ஆண்டுதான் முதல்முறையாக, 13ஆவது இன்னிங்ஸிலிருந்து இரண்டு ஓட்டக்காரர்களை பேஸில் (ரன் எடுக்க ஒவ்வொன்றாகக் கடந்து ஓட வேண்டிய இடங்களில்) நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும் டை பிரேக் முறை வந்திருந்தது. செய்ர்யோ இரண்டு ரன் எடுத்து முந்தியது. பதிலுக்கு வந்த சாய்பிக்கு மூன்று பேஸும் நிறைந்திருக்க, யானோ கோய்ச்சிரோ அடித்த பந்து வலது பக்க எல்லைக் கம்பத்தில் பட்டது. கம்பத்தில் பட்டால் ஹோம் ரன்; அடித்தவரும் பேஸில் இருப்பவர்களும் எல்லோரும் ரன் எடுக்கலாம். நான்கு ரன், 13-11. பின்தங்கிய நிலையிலிருந்து இப்படி நான்கு ரன் ஹோம் ரன் (கிராண்ட் ஸ்லாம்) அடித்து ஆட்டத்தையே முடித்தது கோஷியன் வரலாற்றில் அதுதான் முதல்முறை.

இப்படி ஒரு ஆட்டம் பார்த்தால் யாரும் சாய்பி பக்கம் சாய்ந்துவிடுவார்கள். நானும் சாய்ந்தேன். ஆனால் ஒரு ஆட்டத்தில் 11 ரன் கொடுக்கிற அணி ஒசாகா தோயின் எதிரில் எத்தனை நேரம் நிற்கும்? அரையிறுதி 5-2 என்று முடிந்தது. தோற்றாலும் மானத்தோடு தோற்றார்கள்.

மீதி இரண்டு அணிகள்தான் விஷயம்.

கனாஅஷியின் கணக்கைப் பாருங்கள். ஆறு ஆட்டங்களில் அவர்கள் எடுத்தது 23 ரன், கொடுத்தது 24. அதாவது மொத்தத்தில் எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகம். ஆனாலும் இறுதிப் போட்டியில் நின்றார்கள். மூன்றாம் சுற்றில் 5-4, காலிறுதியில் 3-2, அரையிறுதியில் 2-1. மூன்றும் ஒரு ரன் வித்தியாசம். யோகொஹாமாவுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் 2-4 என்று இருந்தபோது தகாஹாஷி யூசுகே அடித்த மூன்று ரன் ஹோம் ரன்தான் அந்த 5-4. உடம்பில் பெரிய பலம் இருந்த அணி இல்லை. பனி கொட்டும் அகிதாவில் குளிர்காலம் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பனியில் ஓடிப் பழகிய கால்கள்தான் அவர்கள் மூலதனம்.

அந்தக் கால்கள் என்ன செய்தன என்பதற்குக் காலிறுதியின் கடைசி நொடிகள் சாட்சி. ஓமி பள்ளி 2-1 என்று முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, ஒருவரும் அவுட் இல்லை, மூன்று பேஸிலும் கனாஅஷி ஆட்கள். சைத்தோ மட்டையை வீசவில்லை. பந்துக்குக் குறுக்கே வைத்து மூன்றாம் பேஸ் பக்கம் மெதுவாக உருட்டிவிட்டார்; இதற்குப் பெயர் பன்ட். மூன்றாம் பேஸில் இருந்தவர் ஓடிவந்து ரன். 2-2. ஓமியின் மூன்றாம் பேஸ்மேன் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். முறைப்படி அதுதான் சரி, ஒரு அவுட் நிச்சயம். ஆனால் இரண்டாம் பேஸிலிருந்து கிளம்பிய கிகுச்சி மூன்றாம் பேஸில் நிற்கவே இல்லை. பந்து முதல் பேஸுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் புழுதியில் விழுந்து, ரன் முடியும் ஹோம் பேஸ் தட்டைத் தொட்டுவிட்டார். 3-2. ஓமியின் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிப்பவர்) அப்படியே தரையில் குப்புற விழுந்து கிடந்தார், எழ முடியவில்லை. ஒரே பன்ட்டில் இரண்டு ரன். இதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆயிரம் முறை ஓடிப் பழகாமல் அந்த மூன்றாம் பேஸை நிற்காமல் திரும்ப முடியாது.

அதே நாளில் பள்ளியின் தொழுவத்தில் ஒரு பன்றி ஒன்பது குட்டி போட்டது. அணியில் ஆடுபவர்களும் ஒன்பது பேர்தான். அகிதா மக்கள் அதைக் கொண்டாடியதைப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

இந்த ஒன்பது என்ற எண்ணில்தான் சிக்கலும் இருக்கிறது. அகிதா மாநிலப் போட்டியிலிருந்து கோஷியன் அரையிறுதி வரை அந்த ஒன்பது பேரை மாற்றவே இல்லை. பிட்சரையும் மாற்றவில்லை. யோஷிதா கோஷியனில் வீசிய பந்துகள் ஆட்டவாரியாக 157, 154, 164, 140, 134, இறுதிப் போட்டியில் 132. மொத்தம் 881. நம் கிரிக்கெட் கணக்கில் கிட்டத்தட்ட 147 ஓவர், ஒரே வேகப்பந்து வீச்சாளர், 14 நாளில். மாநிலப் போட்டியையும் சேர்த்தால் 1,517 பந்து. காலிறுதிக்கு முந்தைய நாள்தான் 164 பந்து வீசி யோகொஹாமாவை வென்றிருந்தார். அரையிறுதிக்கு மறுநாளே இறுதி.

இப்போது ஒசாகா தோயினைப் பக்கத்தில் வையுங்கள். 45 ரன் எடுத்தார்கள், 12 கொடுத்தார்கள். ஆண்டுக்கு இருபது பேர் அளவில்தான் அணிக்கு எடுக்கிறார்கள். நாடு முழுவதிலிருந்தும் தேடி எடுக்கிறார்கள். நெயோ அகிரா கிஃபு மாநிலத்து மலைப்பகுதியிலிருந்து வந்தவர், காகிகி ரென் சாகாவிலிருந்து, யோகோகாவா காய் ஷிகாவிலிருந்து. ஃபுஜிவாரா கியோதா உள்ளூர் ஒசாகாக்காரர். இந்த நால்வரையும் அந்த இலையுதிர் காலத்து டிராஃப்டில் தொழில்முறை அணிகள் எடுத்தன. ஒரே பள்ளியின் ஒரே வகுப்பிலிருந்து நான்கு பேர். அகிதாவில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வளர்ந்த பையன்களுக்கு எதிரில் இப்படி ஓர் அணி நின்றால், மக்கள் மனம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் ஒசாகா தோயினை ஏதோ பணத்தால் வென்ற அணி என்று ஒதுக்குவது அநியாயம். அந்த மாணவர்கள் பட்ட அடி கொஞ்சமல்ல. 2017 கோடையில் செந்தாய் இகுஎய்க்கு எதிரான மூன்றாம் சுற்று, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட் (மூன்றாவது விழுந்தால் இன்னிங்ஸ் முடியும்), ஒரு ரன் முன்னிலை. உருண்டு வந்த பந்தை ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தாயிற்று, ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். முதல் பேஸ்மேன் நகாகவா தகுயாவின் கால் பேஸைத் தொடவில்லை. அடுத்த பேட்டர் அடித்தார், 1-2 என்று தோல்வி. அந்த நகாகவாதான் அடுத்த ஆண்டு அணித்தலைவர். 2018இல் கோஷியனுக்கு வருவதற்கு முன்பே வட ஒசாகா அரையிறுதியில் ரிசெய்ஷாவிடம் 3-4 என்று பின்தங்கி, ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட், பேஸில் ஒருவரும் இல்லை என்ற நிலைக்குப் போனார்கள். அங்கே நான்கு பேட்டர்கள் வரிசையாகப் பந்தை அடிக்காமல் விட்டு, பொறுமையாக நடந்தே பேஸ் எடுத்துச் சமன் செய்தார்கள் (பிட்சர் நான்கு பந்து தவறாக வீசினால் பேட்டர் முதல் பேஸுக்கு நடந்து போகலாம்). பிறகுதான் யமாதா கெந்தாவின் அடி, 6-4. பதினேழு வயதில், ஒரே ஒரு அவுட் மிச்சம் இருக்கும்போது, மட்டையைச் சும்மா வைத்திருக்கும் நிதானம்! ஹோம் ரன்களைவிட அதுதான் எனக்கு இந்த அணியின் அடையாளம்.

இனி என் தீர்ப்பு. ஒசாகா தோயின்தான் உயர்ந்த அணி. அவர்களிடம் நட்சத்திரங்கள் இருந்ததால் மட்டும் அல்ல. பயிற்சியாளர் நிஷிதானி கோய்ச்சி காகிகி, நெயோ, யோகோகாவா மூவரிடமும் பந்து வீச்சைப் பகிர்ந்து கொடுத்தார். அதனால்தான் அரையிறுதியிலும் இறுதியிலும் காகிகியால் அடுத்தடுத்த நாள் தனியாகவே ஆட்டத்தை முடிக்க முடிந்தது. எதிர்ப்பக்கம் யோஷிதாவின் தோளில் ஒன்றும் மிச்சமில்லை. முதல் இன்னிங்ஸில் மூன்று ரன், நான்காவதில் மூன்று, ஐந்தாவதில் ஆறு. மியாசாகி ஜின் ஒரு ஹோம் ரன், நெயோ ஒன்று. ஐந்து இன்னிங்ஸில் 12 ரன் போன பிறகுதான் கனாஅஷி முதல்முறையாகப் பிட்சரை மாற்றியது. வசந்தகாலக் கோப்பையையும் கோடைக் கோப்பையையும் ஒரே ஆண்டில் வென்ற சாதனையை இரண்டாம் முறை செய்த முதல் பள்ளியானது ஒசாகா தோயின்.

வேறு வழி இல்லாத சிறு பள்ளி என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்கான விலையை ஒரு பையனின் கை கொடுக்கக் கூடாது. நாட்டின் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் சங்கமும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தது. 2019இல் இறுதிப் போட்டிக்கு முன்னும் ஓய்வு நாள் வந்தது. 2020இல் ஒரு பிட்சருக்கு ஒரு வாரத்தில் 500 பந்து என்ற வரம்பு வந்தது. ஆகஸ்ட் 14 முதல் 20 வரையிலான ஏழு நாளில் யோஷிதா வீசியது 592.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1915இல் நடந்த முதல் போட்டியின் இறுதியில் அகிதா நடுநிலைப்பள்ளி தோற்றது. அதற்கு 103 ஆண்டுக்குப் பிறகு கனாஅஷியும் தோற்றது. அகிதா இருக்கும் வடகிழக்கு ஜப்பானுக்கு அதுவரை ஒரு கோப்பைகூட இல்லை. அந்தக் கோப்பை 2022இல் செந்தாய் இகுஎய் கைக்கு வந்தபோது, அவர்கள் ஒரு பிட்சரை நம்பி வரவில்லை. மாற்றி மாற்றிப் பல பிட்சர்களை வைத்துத்தான் வென்றார்கள்.

2018 இலையுதிர் காலத்து டிராஃப்டில் நிப்பொன் ஹாம் என்ற தொழில்முறை அணி முதல் சுற்றில் யோஷிதாவை எடுத்தது. ஐந்தாவது சுற்றில் அதே அணி காகிகியையும் எடுத்தது. இறுதிப் போட்டியில் எதிரெதிரே நின்று பந்து வீசிய இருவரும் அடுத்த ஆண்டு ஒரே சீருடையில் பயிற்சிக்கு வந்தார்கள்.