கடலோர வீட்டுக்கு ஆர்.சி.சி.பி.: ஒரு மதிப்பீடு

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு மெயின் போர்டில் பொருத்திய, 30 மில்லி ஆம்பியர் கசிவு அளவுள்ள ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுத் துண்டிப்புக் கருவியைப் பற்றிய கருத்து இது. ஃபேஸ் வழியே போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாமல், எங்கோ கசிகிறது என்று தெரிந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிப்பதே இதன் வேலை. உப்புக்காற்றில் எர்த் கம்பி அரித்துப்போகும் நம் கரையில், எர்த் சரியில்லாத வீட்டிலும் ஒருவர் உடல் வழியே மின்சாரம் தரைக்கு இறங்கினால் இது செயல்படும் என்பதே இதன் தலையாய சிறப்பு.

ஆனால் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டவரை இது காப்பாற்றாது; தளர்ந்த பிளக்கில் தெறிக்கும் தீப்பொறி கையைச் சுடுவதையும் தடுக்காது. வயர் தாங்காத அளவு மின்சாரம் பாயும் மிகைச்சுமைக்கு எம்.சி.பி. என்ற தானாகத் துண்டிக்கும் சுவிட்ச் தனியாக வேண்டும்.

என் பெரிய குறை விலைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளியின் வருமானம் நின்றிருக்க, ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து இதை வாங்க யாருக்கு மனம் வரும்? அறுந்த வயரில் டேப் சுற்றுவதும், எலக்ட்ரீஷியன் கூலிக்கு அஞ்சித் தாமே ஏணியில் ஏறுவதும் அப்போதுதான் நடக்கின்றன. மின்காயம் தோலில் சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே தசையும் நரம்பும் வெந்திருக்கக்கூடும். வலை பின்னும் விரல்களுக்கு அது பிழைப்பையே பறிக்கும் காயம்.

வாங்கலாம் என்பதே என் முடிவு. மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கடைக்காரர்கள் தவணையில் கொடுத்தால் இன்னும் பலர் வாங்குவார்கள்.